நம் கண்ணுக்கு உண்மையாக: பினாங்கில் இயற்கைப் படம் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு பார்ப்பது என் வேலை. சனிக்கிழமை விடிந்தால் கேமராதான். 14 வருடமாக இப்படித்தான் போகிறது. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் நடக்கும்போதும் பசியாறும்போதும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றி வருகின்றன. "அக்கா, என் படம் எல்லாருடைய படம் மாதிரியே இருக்கிறது. எனக்குப் பிடித்த மாதிரி எடுத்தால் வேறு யாருக்கும் பிடிப்பதில்லை. என்ன செய்ய?" ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

சொந்தப் பார்வை என்கிறீர்களே, எனக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இருக்கிறது. ஆனால் யோசித்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, எடுத்த படங்களில்தான் தேட வேண்டும். கடைசி இரண்டு வருடப் படங்களைத் திறந்து வையுங்கள். பாராட்டு வாங்கியவற்றை ஒதுக்கிவிடுங்கள். மீதியில், யாருக்கும் அனுப்பாமல், ஆனால் அழிக்கவும் மனம் வராமல் வைத்திருக்கிற படங்கள் ஒரு முப்பது நாற்பதாவது இருக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றுக்குள் ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும்.

நான் அப்படிச் செய்தபோது என் கண்ணில் பட்டது இதுதான்: நான் வைத்துக்கொண்ட படங்களில் பாதிக்கு மேல் விலங்கு சிறியதாக இருந்தது. ஒரு மூலையில் ஒரு கொக்கு, மற்றதெல்லாம் சேறு. ஒரு கிளை நுனியில் மீன்கொத்தி, மற்றதெல்லாம் மழைக்கு முந்தைய வானம். அதுவரை, கிட்டப் போக முடியாததால் இப்படி ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உயிரை விட அது இருக்கிற இடம்தான் என்னை முதலில் நிறுத்துகிறது. அது தெரிந்த பிறகு கிட்டப் போக முடியாததைப் பற்றிய வருத்தம் போயே போய்விட்டது.

உங்களுக்கு வருவது வேறாக இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி வைத்திருந்த படங்களில் எல்லாமே முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. குரங்கு, உடும்பு, கழுகு எல்லாம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கே அது ஆச்சரியம்.

எல்லாரும் எடுக்கிற இருவாட்சியை நானும் எடுப்பது தப்பா?

தப்பே இல்லை. பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் இருவாட்சி தலைக்கு மேல் பறந்து போகும்போது கேமராவைத் தூக்காமல் யாரால் இருக்க முடியும்? ஆசை தீர எடுங்கள்.

எடுத்து முடித்ததும் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பறவையில் என்னைப் பிடித்து நிறுத்தியது எது? அலகுக்கு மேலே இருக்கும் அந்தக் கொண்டையா, சிறகு காற்றைக் கிழிக்கிற ஓசையா, பெண் பறவை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டிருக்க ஆண் பறவை சிறு இடுக்கு வழியாகப் பழம் ஊட்டுவதா? ஓசைதான் என்றால், கூர்மையாக உறைந்து நிற்கிற சிறகு அந்த ஓசையைச் சொல்லுமா? ஷட்டர் வேகத்தை 1/2000 விநாடியிலிருந்து 1/60 விநாடிக்கு இறக்கி, பறவையோடு கேமராவை இழுத்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீணாகும். மீதி ஐந்தில் காற்று தெரியும்.

பொருள் எல்லாருக்கும் பொது. அதில் நீங்கள் எதைப் பார்த்து நின்றீர்கள் என்பது உங்களுடையது.

எனக்குப் பிடித்த படத்தைப் போட்டால் லைக் விழுவதே இல்லை. மனசு விட்டுப் போகிறது.

எனக்கும் இந்த வலி தெரியும். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

பாலேக் பூலாவ் பக்கம் குவாலா சுங்கை பினாங்கில் சதுப்புக் காடு இருக்கிறது. கடல் வற்றினால் சேறு வெளியே வரும், சேற்றில் பெலாச்சாக் மீன்கள் தத்தும். உடம்பு முழுக்க நீலப் புள்ளி உள்ள வகை ஒன்று உண்டு. அது தலையை இடமும் வலமும் ஆட்டி, சேற்றின் மேல் படிந்திருக்கும் பாசியை மேயும். மேய்ந்த தடம் வில் வளைவாகப் பின்னாலேயே விழுந்துகொண்டு போகும். ஒரு காலை, வெளிச்சம் தாழ்வாக எதிரிலிருந்து வந்தபோது, அந்த வளைவுகள் எல்லாம் ஈரத்தில் மின்னின. கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் தாளை விரித்துக் குப்புறப் படுத்து, நாற்பது நிமிடம் கழித்து ஒரு படம் எடுத்தேன். படம் முழுக்க வளைவுகள், மேல் ஓரத்தில் கட்டை விரல் நகம் அளவில் மீன்.

புலனக் குழுவில் போட்டேன். "மீன் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான் விமர்சனம். அதே நாள் இன்னொருவர் போட்ட, முதுகுத் துடுப்பை விரித்து நிற்கிற பெலாச்சாக் படத்துக்குக் கைதட்டல் குவிந்தது.

இரண்டு மாதம் என் படத்தைத் திறக்கவே இல்லை. அப்புறம் ஏதோ தோன்றி, கடையில் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் அச்சுப் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்றார்கள். முதலில் கோலத்தைப் பார்த்தார்கள். பிறகு மீனைக் கண்டார்கள். கண்டவுடன் சிரித்தார்கள்.

படம் மாறவில்லை, பார்த்த அளவு மாறியது. கைப்பேசித் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கிற இடம் தீப்பெட்டி அளவு, கிடைக்கிற நேரம் கட்டைவிரல் தள்ளுகிற நேரம். அந்த அளவில், அந்த நேரத்தில் புரிகிற படத்துக்குத்தான் லைக் விழும்: பெரிய முகம், பளிச்சென்ற நிறம், நடுவில் பொருள். அப்படி எடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கண் மெதுவாகப் பார்க்கிற கண் என்றால், அந்தத் தராசில் உங்கள் படத்தை நிறுத்து மனம் நோகாதீர்கள். வருடத்துக்குப் பத்துப் படமாவது அச்சுப் போடுங்கள். நாலைந்து பேருக்குக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

மூத்தவர்கள் குறை சொன்னால் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கும், அவற்றைப் பிரிக்கத் தெரிய வேண்டும்.

"கேமரா ஆடியிருக்கிறது", "வெள்ளைக் கொக்கின் இறகு வெளுத்துப்போய் ஒரு விவரமும் இல்லை", "அடிவானம் சாய்ந்திருக்கிறது." இதெல்லாம் கைவேலை. தலையாட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். "சொந்தப் பார்வை" என்ற பெயரில் கைவேலைக் குறையை மூடி மறைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதுவும் உண்மையாக இருப்பது ஆகாது.

"இன்னும் கிட்டப் போயிருக்கலாம்", "கண்ணில் ஒளிப்புள்ளி இல்லை", "பொருளை நடுவில் வைக்காமல், படத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைத்திருக்க வேண்டும்." இது ருசி. அவருடைய படத்துக்கு அது சரியாக இருக்கும். எனக்குப் படம் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர், யார் படத்தைப் பார்த்தாலும் கருத்துச் சொல்வதற்கு முன் "இதில் நீ என்ன பார்த்தே?" என்று கேட்பார். நாம் சொன்ன பதிலுக்குப் படம் ஈடு கொடுக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் 600 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்க வசதி இல்லை. பார்வை இருந்து என்ன பயன்?

மா. கிருஷ்ணன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த தமிழர், இயற்கை எழுத்தாளர். தமிழ்நாட்டுக் காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு பாகங்களை ஒட்டிச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவை வைத்துத்தான் அந்தப் படங்களில் பலவற்றை எடுத்தார். அவர் படத்தில் யானை வெறும் உருவமாக நிற்காது, ஏதாவது செய்துகொண்டிருக்கும். யானை என்ன செய்யும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், அதனால்.

உங்களிடம் இருக்கிற லென்ஸ் எதைச் செய்யுமோ அதைக் கொண்டு தொடங்குங்கள். 50 மில்லிமீட்டரில் பறவை சிறியதாகத்தான் விழும். சரி, மரத்தை எடுங்கள், பறவை அதில் இருக்கட்டும். கைப்பேசியில் பாசி, காளான், மழைக்குப் பிறகு வேரில் தேங்கிய நீர் எல்லாம் நன்றாக வரும்.

மாதத்தில் இரண்டு காலைதான் எனக்குக் கிடைக்கிறது. எங்கே போகலாம்?

ஒரே இடத்துக்குப் போங்கள். இந்த ஒரு பதிலில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நான் தேர்ந்தெடுத்தது தண்ணீர்மலை. தாவரவியல் பூங்கா 1884-இல் அமைக்கப்பட்டது. பழைய மரங்கள், ஓடை, பின்னால் காடு. முதல் சில மாதம் எல்லாரையும் போல நாகலிங்கப் பூவையும் லொத்தோங் குரங்கையும் எடுத்தேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தக் குரங்கை யார் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். நாலாவது மாதத்துக்குப் பிறகு எடுக்க ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. நிறைய பேர் இடத்தை மாற்றுவது அந்தக் கட்டத்தில்தான். நான் வண்டியில்லாத காரணத்தால் மாற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். லொத்தோங் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறம். தாயோ கறுப்பும் சாம்பலும். கறுத்த வயிற்றில் ஒரு தீக்கொழுந்து ஒட்டிக்கொண்டிருப்பது போல இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மறையத் தொடங்கும். ஒரு குட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து வந்தேன். முதலில் உடம்பெல்லாம் ஆரஞ்சு, பிறகு சாம்பல் படர்ந்து, கடைசியாக வால் பக்கம் மட்டும் கொஞ்சம் நிறம் மிச்சமிருந்தது. அந்த மிச்ச நிறத்தைத்தான் நான் எடுத்தேன். தாயின் கை அந்த வாலைப் பிடித்திருந்தது. ஒருநாள் வந்து போகிறவருக்கு அது வெறும் வால். எனக்கு அது அந்தக் குட்டியின் ஒரு பருவம் முடிகிற இடம்.

உங்களுக்கு ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு கிட்ட என்றால் அங்கே போங்கள். பாலேக் பூலாவ் வயல் என்றால் அதுவே. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கால்வாயும் போதும், அங்கே மீன்கொத்தி வரும்.

அந்தப் பொன்னிற வெளிச்சம் இங்கே கிடைப்பதே இல்லையே?

கிடைக்கும், நீண்ட நேரம் நிற்காது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வெறும் 5 பாகை வடக்கில் இருக்கிறோம். சூரியன் சாய்வாக ஊர்ந்து வராமல் செங்குத்தாக ஏறிவிடும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில் உதயம். எட்டரைக்குள் வெளிச்சம் கடுமையாகிவிடும். குளிர்நாடுகளில் எடுத்த படங்களைப் பார்த்து அதே வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தீவின் நடுவில் மலைத்தொடர் நிற்பதால் கிழக்குக் கரையில் வெயில் வந்த பிறகும் பாலேக் பூலாவ் பக்கம் நிழலில் இருக்கும். அந்த நேரத்தில் வயல் முழுக்க ஒரு நீலம் படிந்திருக்கும். கொடிமலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால், பிற்பகலில்கூட இலைகள் உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கும். மழைக்கு முன் கால்மணி நேரம் வானம் ஈயமாகி, கொக்கு மட்டும் வெள்ளையாக எரியும். இதெல்லாம் நம் ஊர் வெளிச்சம். வேறு ஊர் வெளிச்சத்தைக் கணினியில் பூசுவதற்கு முன், இதை ஒரு வருடமாவது எடுத்துப் பாருங்கள்.

கணினியில் எவ்வளவு திருத்தலாம்?

அமெரிக்காவில் அன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக்காரர் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போனார். அப்போது ஃபிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் எடுத்தார். முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு தகடு எடுத்தார். எடுத்த பிறகு, தான் உணர்ந்த அந்தப் பாறையின் பிரம்மாண்டத்தை இந்தப் படம் காட்டாது என்று தோன்றியது. மிச்சமிருந்த தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர் போட்டார். வானம் கறுத்து, பாறை எழுந்து நின்றது. கண்ணால் பார்த்த வானம் கறுப்பு இல்லை. ஆனால் பாறை அங்கே இருந்தது, நிழலும் வெளிச்சமும் அங்கே இருந்தன, நின்று பார்த்தவருக்கு அது அப்படித்தான் இருந்தது.

என் அளவுகோலும் அதுதான். இருட்டாக்குவது, வெளிச்சமாக்குவது, கறுப்பு வெள்ளையாக்குவது, ஓரத்தை வெட்டுவது எல்லாம் நீங்கள் பார்த்ததைச் சொல்கிற வழிகள். அங்கே இல்லாத நிலாவை ஒட்டுவது, இன்னொரு பறவையைச் சேர்ப்பது, செயற்கை நுண்ணறிவில் பின்னணியை மாற்றுவது வேறு கதை. அதைச் செய்தால் செய்தேன் என்று எழுதிவிடுங்கள். தெலுக் பஹாங் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையில் எடுத்த படத்துக்கும் அப்படியே. பண்ணையில் எடுப்பதில் வெட்கம் எதற்கு? காட்டில் எடுத்தேன் என்று சொல்வதுதான் தவறு.

ஒரு சிறு குச்சியை அழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் அழிப்பதில்லை. அடுத்த தடவை ஓரடி நகர்ந்து நின்று எடுப்பேன்.

போட்டிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், போட்டிக்காக எடுக்காத வரை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் பெரிய போட்டியில் 2009-இல் முதல் பரிசு வாங்கியது, வேலியைத் தாண்டிக் குதிக்கிற ஓநாயின் படம். அது பழக்கப்படுத்தப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். இன்று அந்தப் படத்தின் அழகை யாரும் பேசுவதில்லை.

நான் நினைத்த படம் கிடைக்கக் குரல் பதிவு போட்டுப் பறவையை வரவழைத்தால் என்ன?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தன் எல்லைக்குள் வேறு ஆண் பறவை வந்துவிட்டது என்று நம்பித்தான் அது பதறி வருகிறது. கூட்டில் குஞ்சு இருந்தால் அந்த நேரம் குஞ்சுக்கு இரை இல்லை.

பெருநிலத்தில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரைக்கும் உள்ள சேற்றுக் கரைக்கு வருடத்தின் பிற்பகுதியில் உள்ளான்கள் வடக்கிலிருந்து வந்து இறங்கும். சைபீரியா வரை போய் வருகிற பறவைகள். கடல் ஏறும்போது இருக்கிற கொஞ்சம் இடத்தில் ஒடுங்கி நின்று களைப்பாறும். கூட்டமாக எழும்புகிற படம் வேண்டும் என்று ஒருவர் கை தட்டியதை நேரில் பார்த்தேன். அத்தனையும் எழுந்து, சுற்றி, இறங்க இடமில்லாமல் மறுபடி சுற்றின. நீண்ட பயணத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பை அந்தக் கைதட்டல் எரித்தது. அன்று அவர் எடுத்த படத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

உங்கள் பார்வைக்கு உண்மையாக இருப்பது என்பதில், நீங்கள் பார்க்கிற உயிர் அதன் போக்கில் இருப்பதும் சேர்ந்ததுதான். அது பயந்து போனால், அங்கே நீங்கள் பார்க்க வந்தது எதுவும் மிச்சமில்லை.

லென்சில் பூஞ்சை பிடிக்கிறது, என்ன செய்ய?

பார்வைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் வாரம் ஒருவர் கேட்கிறார். காற்றுப் புகாத பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள். முடிந்தால் மின்சார உலர் பெட்டி. ஏர்கோன் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துப் போகாமல், பைக்குள்ளேயே இருபது நிமிடம் விட்டுவிடுங்கள்.

உங்களோடு ஒரு சனிக்கிழமை வரலாமா அக்கா?

தாராளமாக வாருங்கள். காலை 6.45-க்குக் கூடுவோம். சேற்றுப் பக்கம் போகிற நாளில் கடல் வற்றுகிற நேரத்தைப் பார்த்துக் கிளம்புவோம். ரப்பர் காலணியும் விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாளும் கொண்டு வாருங்கள்.

முதல் அரைமணி நேரம் கேமரா பைக்குள்ளேயே இருக்க வேண்டும். சின்ன நோட்டுப் புத்தகத்தில் எதைப் பார்த்து நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், தமிழோ மலாயோ எதிலும் எழுதலாம். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்து போய்விடுவோம். பக்கத்தில் நிற்கிறவர் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது. 9.30-க்கு ரொட்டிச் சானாய்க் கடையில் உட்கார்ந்து, முதலில் நோட்டில் எழுதிய வரியைப் படிப்போம். படத்தை அதற்குப் பிறகுதான் காட்டுவோம்.